மழை. நிற்கவில்லை.

ஐந்தாம் நாள். ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். எதிர்க்காற்று.
வாங்கனில் பின்சில்லு பஞ்சர்.
மூன்று ஒட்டுத்துண்டில் இனி மிச்சம் ஒன்று.

இப்படித்தான் எழுதுவாள் இங்கெபோர்க்.
ரோஸ்டாக்கில் முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவள்.
தண்டவாளம் இல்லாத இடத்தில்
இடமா வலமா என்று
இப்போதும் ஒருமுறை நின்றுதான் யோசிக்கிறாளாம்.

மைரிங்கனில் தொடங்கி
ஆரே ஆற்றோடு சைக்கிளில் வருகிறாள்.
அன்றைய பக்கத்தை அன்றிரவே அனுப்பிவிடுவாள்,
யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும் என்று.
நான் வாசிப்பது ஓல்டன் யார்டில்,
விடியப்புறம் இரண்டரை மணிக்கு,
துடைத்து முடித்த முதல் வகுப்புப் பெட்டியில்
காலை நீட்டிக்கொண்டு.
ஓடாத ரயில்களுக்குள் நடப்பது என் உத்தியோகம்.
ஒரு இரவுக்கு எட்டுக் கிலோமீட்டர் வரும்.
போய்ச் சேர ஊர் ஒன்றும் இல்லை.

"நம்ம மனுசி இப்ப எங்க?"
ஸெய்னெல், வாளியும் கையுமாக.
அவனுக்கு ஜெர்மன் எழுத்து அரைகுறை,
எனக்குப் பேச்சு அரைகுறை.
இரண்டு அரையையும் சேர்த்து அவளை மேடு ஏற்றுவோம்.
பிரியென்ஸ் ஏரிக்கரை ஏற்றத்தில்
அவள் இறங்கித் தள்ளியபோது
ஸெய்னெலுக்கும் மூச்சு வாங்கியது.

காலையில் வதனிக்கு அதையே தமிழில் சொல்வேன்.
"ஐந்து நாளும் பாணும் சீஸுமோ?" என்பாள்.
மனம் கேளாமல்
மூன்றாம் நாளில் ஒரு சூடான சூப்பை
நானாகச் சேர்த்திருக்கிறேன்.
இங்கெபோர்க் மன்னிக்க வேண்டும்.

ஆறாம் நாளுக்குக் காத்திருந்தோம்.
நம் ஊருக்கல்லவா வருகிறாள்.
கூரை போட்ட மரப்பாலத்தை எழுதுவாள் என்றான் அவன்.
ரயில் தூரமெல்லாம் எண்ணத் தொடங்கிய
பூஜ்ஜியக் கல்லை எழுதுவாள் என்றேன் நான்.
டிராம்காரி, கண்ணில் படாமலா போகும்!

பக்கம் வந்தது.
ஆர்பர்க் கோட்டைக்குப் பதினான்கு வரி.
ஆராவின் ஓவியம் தீட்டிய கூரைகளுக்கு ஒரு முழுப்பக்கம்.
நடுவில்:
ஓல்டன். மழை. நிற்கவில்லை.

ஸெய்னெல் மாப்பைப் பிழிந்தான்,
தேவைக்கு மேல் பிழிந்தான்.

ஜெர்மனில் சந்தேகமே இல்லை, நிற்காதவள் அவள்தான்.
ஆனால் வீட்டில் அதை நான் தமிழில் வாசித்தபோது
வதனி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"பாவம். இந்த ஊர் மழை எப்பதான் நின்றது?"

நான் திருத்தப் போகவில்லை.
எழுவாய் தொலைந்த இடத்தில்
ஊர் மானம் தப்பியது.

கோப்லென்ஸில் ஆரே ரைனோடு சேர,
பயணம் முடிந்தது. கடைசிப் பக்கம் கணக்கு.
மொத்தம் இருநூற்று எண்பது கிலோமீட்டர்.
பஞ்சர் இரண்டு.
தொலைந்தவை: பம்பின் மூடி, வாசிக்கும் கண்ணாடி,
இடது கையுறை, நீலம்,
ஆர்பர்க்குக்கும் ஆராவுக்கும் இடையில் எங்கேயோ.

"இடையில் என்றால் நாங்கள்தானே," என்றான் ஸெய்னெல்.

ஒற்றைக் கையுறை எங்களுக்குப் புதிதில்லை.
ஒரு மாரிக்கு நாற்பது ஐம்பது
இருக்கைகளின் அடியில் பொறுக்குவோம்,
நம்பர் ஒட்டிப் பெட்டியில் போடுவோம்,
கேட்டு ஒருவரும் வருவதில்லை.
ஆனால் இப்போது வேலை முடிந்து
ஆற்றோரமாக வீடு போகையில்
கண் தன்பாட்டில் வேலியடிக்குப் போகிறது.
ஸெய்னெல் நிலவறையில் கிடந்த சைக்கிளுக்கு எண்ணெய் விட்டு
ஆர்பர்க் வரை ஒரு ஞாயிறு,
ஷோனென்வெர்ட் வரை ஒரு ஞாயிறு தேடிவிட்டான்.
இருக்கை எலும்பைக் கடிக்கிறதாம்.
ஞாயிறு வந்தால் திரும்பவும் போகிறான்.

நேற்று அவளுக்கு எழுதினேன்,
அவளுடைய பாணியில், சுருக்கமாக:

கறுப்பு, வலது, மரப்பாலத்தில்.
குழந்தையினது ஒன்று, மஞ்சள், கம்பியில் யாரோ செருகி வைத்தது.
சிவப்பு, இடது, நனைந்தது.
நீலம் இன்னும் இல்லை.